கடல் குற்றவாளியா?

"கடலன்னை சீறினாள்!" "இயற்கையின் கோரத் தாண்டவம்!" "விதி விளையாடியது!" புயல் அடித்த மறுநாள் ஏடுகளைப் புரட்டுவோர் இத்தகைய தலைப்புகளைக் காணாதிருக்க முடியாது. சீறுவதற்குக் கடலுக்குச் சினம் உண்டா? தாண்டவம் ஆட இயற்கைக்குக் கால் உண்டா? கேட்டால், "இஃதென்ன வேடிக்கை! ஓர் அழகுக்காகச் சொல்வது அது. அணி ஐயா, அணி!" என்று நகைக்கின்றனர். அணியாக மட்டும் இருந்துவிட்டால் நமக்கு வழக்கில்லை. ஆனால் அணி அணியாகவே நிற்பதில்லை. காலையில் தலைப்பாக வருவது மாலையில் பரிகாரமாகிறது; மறு ஆண்டு, வீடிழந்தவன் நீட்டும் மனுவுக்கு விடையாகிறது: "இயற்கைச் சீற்றமப்பா, அதற்கு யார் என்ன செய்ய முடியும்?"

இயற்கைக்கு மனம் உண்டு என்று பேசலாமா? கலையில் பேசலாம் என்றால் வாழ்க்கையில் ஏன் கூடாது? இந்த வினாவை நம்மிடம் கொண்டு வந்தவர்கள் கோட்டக்குப்பத்து இளைஞர் சிலர். புதுவை நகரின் வடக்கெல்லையை ஒட்டி, விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள கடலோர ஊர் கோட்டக்குப்பம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மேலும் வடக்கே போனால் கழுவெளி. அதற்கும் அப்பால் மரக்காணத்து உப்பளங்கள். கோட்டக்குப்பத்தை அடுத்த மீனவர் குப்பங்கள், மணலையும் வீட்டையும் படகு நிறுத்தும் இடத்தையும் கடலுக்குப் பறிகொடுத்து வருபவை. அவ்வூர் இளைஞர்கள் தங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு படத்தைப் பார்த்திருக்கின்றனர். ஒருவர் ஒன்று சொல்ல, மற்றவர் வேறொன்று சொல்ல, முடிவு காணாமல், "இதன் பொருள் என்ன?" என்று நமக்கு எழுதிக் கேட்டனர். படத்துக்குப் பொருள் சொல்வதோடு நிற்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தோம். படமோ நம்மை அவர்கள் கரைக்கே இழுத்துச் சென்றுவிட்டது.

அது ஒரு மரச்செதுக்குப் படம். நார்வே நாட்டு ஓவியர் எட்வர்ட் மூங்க் 1899 இல் செதுக்கி அச்சிட்டது. "இரு மனிதர்" என்றும், "தனித்தவர்கள்" என்றும் அதற்குப் பெயர் வழங்குகிறது. கற்கள் சிதறிய கடற்கரை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நமக்கு முதுகைக் காட்டிக் கடலை நோக்கி நிற்கின்றனர். பெண் வெண்ணிற உடையில், நீருக்கு நெருக்கமாக நிற்கிறாள். ஆண் கருநிற உடையில், ஓரடி பின்தங்கி நிற்கிறான். தொட்டுக்கொள்ளவில்லை, பேசுவதாகவும் தெரியவில்லை. முகம் தெரியாததால் அழுகின்றனரா, அமைதியாக இருக்கின்றனரா என்று சொல்லவும் வழியில்லை. படத்தில் நிகழ்வது அவ்வளவே. "முகமே இல்லாத படத்தை உணர்ச்சிப் படம் என்கிறார்களே, எப்படி?" என்பது இளைஞர் கேள்விகளுள் ஒன்று.

நல்ல கேள்வி! ஐரோப்பாவில் எக்ஸ்பிரஷனிசம் என்று பெயர் பெற்ற கலைநெறியை நாம் வெளிப்பாட்டியம் என்கிறோம். கண்ணுக்குத் தெரிவதை அப்படியே படியெடுப்பதை விட்டு, உள்ளம் பட்ட பாட்டைக் கோட்டிலும் நிறத்திலும் வெளிப்படுத்துவது அந்நெறி. 1905 இல் செருமனியின் டிரெஸ்டன் நகரில், கட்டடக்கலை பயின்ற நான்கு இளைஞர் கூடி, "பாலம்" என்னும் பெயரில் ஒரு குழுவைத் தொடங்கினர். அவர்கள் விரும்பிக் கையாண்ட கருவி மரமும் உளியும். அவர்களுக்கு மூத்தவராக, வழிகாட்டியாக நின்றவர்களுள் ஒருவர் மூங்க். அதே செருமனியில் கேத்தே கொல்விட்ஸ் அம்மையார் 1920களின் தொடக்கத்தில் "போர்" என்னும் ஏழு மரச்செதுக்குகளை ஆக்கினார்; பிள்ளையைப் போருக்குப் பறிகொடுத்த தாயின் கை அவருடையது. மரச்செதுக்கு ஏழையின் கலை. ஒரு பலகை, ஓர் உளி, கொஞ்சம் மை. ஒன்றுக்கு நூறாகப் படி எடுக்கலாம். நம் நாட்டிலும் திருவிழாக் கடைகளில் விற்ற "பெரிய எழுத்து"க் கதைப் புத்தகங்களில் மரக்கட்டைப் படங்கள் இருந்தன அல்லவா? அவற்றைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தக் கலை அந்நியமன்று. 1922 டிசம்பரிலேயே கல்கத்தாவில், இந்தியக் கீழைக்கலைக் கழகத்தின் கண்காட்சியில், செருமனியின் பௌஹவுஸ் பள்ளி ஓவியர்களின் படைப்புகள் வைக்கப்பட்டன. பைனிங்கரின் மரச்செதுக்குகளும் அவற்றுள் இருந்தன. நம் கலை விமரிசகர் பலர் இன்னும் தஞ்சாவூர்த் தட்டோடு நிற்பதற்கு, பார்க்க வாய்ப்பில்லாமல் போனதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

மரச்செதுக்கில் உளி தோண்டி எடுத்த இடம் தாளில் வெள்ளையாக விழும். விட்டு வைத்த இடம் கறுப்பாக விழும். தூரிகைக்காரன் தன் கையை மறைக்கலாம். உளிக்காரனால் மறைக்க முடியாது; வெட்டிய வடு ஒவ்வொன்றும் தாளில் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.

இனிப் பொருள். ஆன்மிகவாணர் ஒருவரிடம் இப்படத்தைக் கொடுத்தால் நொடியில் உரை சொல்லிவிடுவார்: "சீவாத்மா இரண்டும் பரமாத்மாவாகிய பெருங்கடலை நோக்கி நிற்கின்றன, மனிதன் அற்பன், இயற்கை அளப்பரியது, அதன் பின்னே ஆண்டவன்!" எந்தப் படத்தைக் கொடுத்தாலும் இதே உரைதான், மாட்டுவண்டிப் படத்தைக் கொடுத்துப் பாருங்கள், வண்டி உடல், மாடு புலன், வண்டிக்காரன் ஆன்மா என்பார்! படத்தைப் பாராமலே சொல்லத்தக்க உரை, அந்தப் படத்தின் உரையாகாது.

இளைஞர்களுள் ஒருவர் வேறு விதமாகச் சொன்னாராம்: "அந்த இருவரின் துயரத்தைக் கடல் உணர்கிறது, கடலும் அழுகிறது." இதை நாம் அவ்வளவு எளிதாகத் தள்ள மாட்டோம். ஏனெனில், இது நம் வீட்டுச் சொத்து. தொல்காப்பியர் ஐந்திணை வகுத்தபோது நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அந்நிலத்தில் உள்ளவற்றைக் கருப்பொருள் என்றார். மாந்தர் உள்ளத்து ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றார். நெய்தலுக்கு உரியது இரங்கல். கரையில் நின்று ஒருத்தி இரங்கினால் அலை இரங்கும், புன்னை இரங்கும், நாரையும் இரங்கும். அந்த இரக்கம் எங்கே தொடங்குகிறது? மனித உள்ளத்தில். அங்கிருந்து புறப்பட்டு அலைக்குச் செல்கிறது. அலையிலிருந்து புறப்பட்டு மனிதனை ஆட்டவில்லை. கவிஞனுக்கும் இது தெரியும், கேட்பவனுக்கும் தெரியும். மூங்க் தீட்டியதும் இத்தகைய நெய்தல்தான். முகம் தேவைப்படாததன் காரணமும் இதுவே: கரையின் கல்லும் நீரின் வெறுமையும் முகத்தின் வேலையைச் செய்துவிடுகின்றன.

இடையில் ஒரு செய்தி. நெய்தலுக்கு வருணனைத் தெய்வமாகச் சொன்னாரே தொல்காப்பியர் என்று பண்டிதர் சிலர் மார்தட்டுவர். சொன்னார், ஆனால் தெய்வத்துக்கு அவர் இடம் ஒதுக்கியது கருப்பொருள் பட்டியலில். உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் ஆகியவற்றோடு தெய்வமும் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கிறது! இதைக் கொண்டு பழந்தமிழர் அனைவரும் பகுத்தறிவாளர் என்று பட்டம் சூட்ட நாம் முற்படவில்லை. பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்ட செய்தி பட்டினப்பாலையிலேயே இருக்கிறது. கவிதை ஒரு பக்கம், அச்சம் ஒரு பக்கம்; இரண்டும் ஒரே கரையில்தான் வாழ்ந்தன.

அச்சத்தின் பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும்? 1934 சனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம்; பல்லாயிரவர் மாண்டனர். அப்போது தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியார், திருநெல்வேலிக் கூட்டத்தில், அது தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் அளித்த தண்டனை என்று பேசினார். நோக்கம் நல்லது, தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு அவரைவிடக் குறைந்த ஆர்வம் இல்லை. ஆயினும் வங்கக் கவி தாகூர் அதை வெளிப்படையாக மறுத்தார். இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கைக் காரணமே உண்டு என்றார். இந்த வாதம் காந்தியாரின் எதிரிகளுக்கே பொருத்தமான வாதம். அவர்கள் இதே நிலநடுக்கத்துக்குக் காந்தியாரையே பொறுப்பாக்கியிருந்தாலும் தாம் வியந்திருக்கப் போவதில்லை என்று சுட்டினார். மறுப்பைக் காந்தியார் தம் "அரிஜன்" ஏட்டிலேயே வெளியிட்டு விடையும் எழுதினார்; அந்தப் பண்பைப் பாராட்டுகிறோம். ஆனால் விடையை ஏற்க முடியவில்லை. இடிபாட்டில் சிக்கிய தாழ்த்தப்பட்ட தாயும் அவள் குழந்தையும் எந்தப் பாவத்துக்காகத் தண்டனை பெற்றனர்? தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டதற்கா? 1924 இல் வைக்கத்தில் பெரியார் போராடியபோது, தெருவில் நடப்பது மனிதனின் உரிமை என்பதே வாதம். அந்த வாதத்துக்கு மண் அதிர வேண்டிய தேவை இருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது பெண்ணைப் பற்றியது. 1956 இல் வெளிவந்த தகழியின் "செம்மீன்" நாவல் எந்த நம்பிக்கையின் மீது கட்டப்பட்டது? மீனவன் கடலில் இருக்கும்போது அவனைக் காப்பது கரையில் இருக்கும் மனைவியின் கற்பு என்னும் நம்பிக்கையின் மீது. கேட்க அழகாக இருக்கிறது! திருப்பிப் பாருங்கள்: அவன் திரும்பவில்லை என்றால்? சுழலில் சிக்கியவனின் சாவுக்குக் கரையில் காத்திருந்தவள் குற்றவாளி! கடலுக்கு அறவுணர்ச்சி உண்டு என்று ஒப்புக்கொண்ட மறுகணமே, கடலின் சார்பில் தீர்ப்பு எழுத ஒரு கூட்டம் வந்துவிடுகிறது. அந்தக் கூட்டத்தில் மீனவப் பெண் ஒருநாளும் இடம்பெற்றதில்லை.

இப்போது படத்துக்குத் திரும்புவோம். அதில் அதிகம் பேசப்படாத ஒன்று, அது செய்யப்பட்ட முறை. பல நிறப் படம் அச்சிட, நிறத்துக்கு ஒரு பலகை செதுக்குவது வழக்கம். மூங்க் அவ்வாறு செய்யவில்லை. ஒரே பலகையை எடுத்தார். நுண்ணிய வாளால் உருவங்களின் ஓரத்தை ஒட்டி அறுத்துத் துண்டுகளாக்கினார். துண்டுகளுக்குத் தனித்தனியே மை பூசினார். மீண்டும் ஒன்றாகப் பொருத்தி ஒரே தடவையில் அச்சிட்டார். இந்தப் படத்தின் பலகை மூன்று துண்டு. கடல் ஒரு துண்டு. பெண் ஒரு துண்டு. மூன்றாவது துண்டு, ஆணும் அவன் நிற்கும் கரையும் சேர்ந்தது! ஆணைக் கரையிலிருந்து அறுக்கவில்லை. பெண்ணைச் சுற்றி அறுத்திருக்கிறார். வாள் சென்ற வழி தாளில் மெல்லிய வெள்ளைக் கோடாக நிற்கிறது.

தோழர்களே, இதை எண்ணிப் பாருங்கள். பெண்ணை இயற்கை என்பதும், இயற்கையைப் பெண் என்பதும் உலகெங்கும் உள்ள வழக்கம். மண்ணுக்குப் பூமாதேவி என்று பெயர்; பெண்ணுக்குப் "பூமி போலப் பொறுமை" என்று புகழ். இரண்டையும் வணங்குவதாகச் சொல்லி இரண்டையும் ஏவல் கொண்டனர். இந்தப் பலகையிலோ வழக்கம் தலைகீழாகக் கிடக்கிறது. கரையோடு ஒட்டிப் பிறந்தவன் ஆண். தனித்து, தன் எல்லைக்கோட்டோடு முழுமையாக நிற்பவள் பெண். மூங்க் பெண்ணுரிமைக்காரர் என்று நாம் சொல்லவில்லை. பெண்ணை இரத்தம் உறிஞ்சும் பேயாகக் காணும் படத்தையும் அவர் தீட்டினார். ஆளுக்கு நற்சான்று வழங்குவது நம் வேலையன்று. பலகை என்ன சொல்கிறது என்பதே கேள்வி. "இவர்கள் ஏன் தனித்தனி?" என்று ஆன்மிகவாணரைக் கேட்டால் "மானிடப் பிறவியின் விதி" என்பார். பலகையைக் கேட்டால், "அறுத்த வாள் ஒன்று உண்டு, அதைப் பிடித்த கை ஒன்று உண்டு" என்கிறது.

பிறவி என்னும் சொல் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறோம். அறுத்த கோட்டை இயற்கைக் கோடு என்று நம்ப வைத்துவிட்டால் ஆதிக்கக்காரனுக்கு வேறு படை தேவையில்லை. செருமனியின் நாஜிகள் மண்ணையும் இரத்தத்தையும் போற்றி, இனவெறியை இயற்கை விதி என்றனர். 1937 இல் "சீரழிந்த கலை" என்று கண்காட்சி வைத்து வெளிப்பாட்டியரை இழிவு செய்தனர். மூங்கின் 82 படைப்புகளைச் செருமானிய அருங்காட்சியகங்களிலிருந்து பறித்தனர். வேடிக்கை என்னவெனில், எமில் நோல்டே என்னும் வெளிப்பாட்டிய ஓவியர் நாஜிக் கட்சியிலேயே உறுப்பினர். அவருடைய படைப்புகளோ ஆயிரத்துக்கும் மேல் பறிபோயின! இங்கே வருணக்காரரும் அதே பாடத்தையே பாடினர்: அவனவன் தொழில் அவனவன் பிறவி இயல்பாம். உப்பளத்தில் கால் வெந்து நிற்பவன் மகனும் உப்பளத்தில் நிற்பது, நீர் பள்ளத்துக்கு ஓடுவது போன்ற இயல்பாம்!

உப்பளத்தையே எடுத்துக்கொள்வோம். சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. உப்பு அங்கே பழைய தொழில். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் உள்ளன. பாத்திக்குப் பாத்தி நீரை மாற்றி வெயிலில் சுண்ட வைக்கின்றனர். முதலில் சுண்ணாம்புச் சத்துள்ள உப்புகள் அடியில் தங்கும்; நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறையும்போது சோற்றுப்பு பூக்கத் தொடங்கும்; அளவு மீறிச் சுண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும். எந்தப் பாத்தி எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தொழிலாளி நீரின் நிறத்தைப் பார்த்தே சொல்கிறான். கடல் மகிழ்ந்ததால் உப்பு விளைந்தது என்று அவன் கணக்குப் போடுவதில்லை. பருவம் தப்பி ஒரு மழை கொட்டினால் பூத்த உப்பு அத்தனையும் கரைந்துபோகும். அவன் மழையை ஏசத்தான் செய்வான். ஏசட்டும், அது நெய்தல்! ஏசிவிட்டு வரப்பைச் செப்பனிடுகிறான், அது அறிவு. அவனுடைய கூலி ஏன் அவ்வளவு, மழைக்காலத்தில் அவன் வீட்டு அடுப்பு ஏன் எரியவில்லை என்னும் கேள்விகளுக்கு மட்டும் வெயிலும் மழையும் விடை தரமாட்டா. அந்தக் கோடு வேறு வாளால் அறுக்கப்பட்டது.

கோட்டக்குப்பத்துக் கரையை அறுத்த வாளையும் இப்படித்தான் தேடிக் காண வேண்டும். நம் கிழக்குக் கரையில் மணல் நிற்பதில்லை, நடக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அலையும் நீரோட்டமும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் ஓரளவு திருப்பித் தள்ளுகின்றன. கூட்டிக் கழித்தால் மணலின் பயணம் வடக்கு நோக்கியே. 1980களின் பிற்பகுதியில் புதுவைக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் நீட்டப்பட்டன. நடந்து வந்த மணல் அங்கே நின்றது. சுவருக்குத் தெற்கே கரை கொழுத்தது. வடக்கே கரை பட்டினி கிடந்தது. புதுவை நகரின் மணற்கரை மறைந்தது. நகரைக் காக்கக் கருங்கல் கொட்டினர். கல் கொட்டிய இடம் நின்றது. கல் முடிந்த இடத்தில் அரிப்புத் தொடங்கியது. அங்கேதான் தமிழ்நாட்டு எல்லை. அங்கேதான் கோட்டக்குப்பத்தை ஒட்டிய தந்திராயன்குப்பமும், அதற்கு வடக்கே சின்னமுதலியார்சாவடியும் பொம்மையார்பாளையமும்.

இதற்கு நாம் வைத்திருக்கும் பெயரைக் கவனியுங்கள்: கடல் அரிப்பு. அரிப்பது கடலாம்! எழுவாய் கடல், சுவர் கட்டியவனுக்கு வாக்கியத்திலேயே இடமில்லை. இலக்கணம்கூட ஆளுவோருக்கு எவ்வளவு ஒத்தாசையாக இருக்கிறது பாருங்கள். வீட்டுத் திண்ணை அலையில் விழுந்தபோது, கடலுக்குக் கற்பூரம் காட்டிக் கும்பிட்டவரை நாம் எள்ளப் போவதில்லை. அவருக்கு வேறு முகவரி எவரும் தரவில்லை. கடல் ஒன்றுதான் எதிரே நின்றது.

அப்படியானால் எல்லாத் துன்பமும் மனிதன் செய்ததுதானா என்று கேட்கலாம். இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையை எவரும் செய்யவில்லை. சுமத்திராவை அடுத்த கடலடியில் நிலத்தட்டுகள் நழுவின. அளவில் ஒன்பதைத் தாண்டிய அதிர்ச்சி அது. அதற்குச் சினமும் இல்லை, குறியும் இல்லை. ஆனால் அதிர்ச்சிக்கும் நம் கரையை அலை தொட்டதற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. அந்த நேரத்தில் கரையில் இருந்தவருக்கு ஒரு சொல் வரவில்லை. இந்துமாக்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு அப்போது இல்லை. ஐதராபாத்தில் அது அமைந்தது 2007 இல். 1755 இல் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் அழிந்தபோது, வால்தேர் மனம் நொந்து எழுதிய கவிதைக்கு மறுமொழி வரைந்த ரூசோ, அங்கே ஆறு மாடி, ஏழு மாடி வீடுகளை நெருக்கிக் கட்டியது இயற்கையன்று என்று நினைவூட்டினார். ரூசோவின் ஆத்திக முடிவுகள் நமக்கு வேண்டா. கேட்ட கேள்வி சரியான கேள்வி. எந்தத் துன்பத்திலும் இயற்கையின் பங்கு இவ்வளவு, மனிதனின் பங்கு இவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பலகையில் வெள்ளைக் கோடு ஓடும் இடத்தைக் கண்டுபிடிப்பது என்று நாம் சொல்வது இதைத்தான்.

அதற்காக இயற்கையை அயலானாகவோ அடிமையாகவோ எண்ண வேண்டியதில்லை. இதே புதுவையில் வாழ்ந்த பாரதிதாசனின் "அழகின் சிரிப்பு" நூலின் தலைப்புகளைப் பாருங்கள்: அழகு, கடல், தென்றல், காடு, குன்றம் என்று தொடங்கிச் சிற்றூர், பட்டணம், தமிழ் என்று முடிகிறது. மனிதன் கட்டிய பட்டணமும் அவன் பேசும் மொழியும் காட்டோடும் கடலோடும் ஒரே வரிசையில்! கும்பிடவும் இல்லை, குற்றம் சாட்டவும் இல்லை. மூங்கின் ஆணைப் போல நாமும் கரைத்துண்டோடு சேர்ந்தவர்களே. ஆனால் வாள் நம் கையில் இருக்கிறது. கடலிடம் வாள் இல்லை. பொறுப்பு என்னும் சொல்லைக் கடல்மேல் ஏற்ற முடியாததும், நம்மேல் ஏற்றியே ஆக வேண்டியதும் அதனால்தான்.

வாள் பிடித்த கை பொருத்தவும் கூடும். 2018, 2019 ஆண்டுகளில் புதுவை நகரின் முன்னே, கடலடியில் ஆப்பு வடிவிலான செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தனர். வடிவமைத்தது சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். முப்பது ஆண்டுகள் கல்லையே பார்த்த நகரம் தன் முன்னே மணலை மீண்டும் பார்த்தது.

ஆனால் இளைஞர்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி நம்மைத் தூங்கவிடாதது. தங்கள் குப்பங்களுக்குத் தூண்டில் வளைவு வேண்டும், இன்னும் கல் வேண்டும் என்று கையெழுத்து இயக்கம் நடத்துகின்றனராம்; "நாங்கள் செய்வது சரிதானே?" என்று கேட்டுள்ளனர். தூண்டில் வளைவு என்பது என்ன? கரையிலிருந்து கடலுக்குள் நீளும் சிறிய கற்சுவர். வரும் மணலைப் பிடித்துவைக்கும். எவருக்குப் போக வேண்டிய மணலை? வடக்கே உள்ளவருக்கு. துறைமுகச் சுவர் புதுவைக்குச் செய்ததை, புதுவையின் கல் கோட்டக்குப்பத்துக்குச் செய்தது. கோட்டக்குப்பத்தின் கல் அடுத்த குப்பத்துக்குச் செய்யும். அவர்களும் மனு எழுதுவர், கல் வரும், அரிப்பு இன்னும் ஒரு குப்பம் வடக்கே நடக்கும். இப்படியே மரக்காணம் வரை குப்பத்துக்குக் குப்பம் கைமாற்றலாம். ஒவ்வோர் ஊரும் தன்னைக் காத்துக்கொண்டதாகவே எண்ணும். ஒவ்வோர் ஊரும் "கடல் அரிப்பு" என்றே பேசும்.

இன்றிரவு சுவர் விழப்போகும் வீட்டில் குழந்தையோடு படுத்திருப்பவனிடம் போய், "உன் கல் அடுத்தவனுக்குக் கேடு, ஆகவே பொறு" என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. மாடியில் அமர்ந்து எழுதுபவனின் அறம் அது. அவனுக்குக் கல் வேண்டும், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கல்லோடு கோரிக்கை முடிந்துவிட்டால், தெற்கே குவிந்து கிடக்கும் மணலைக் கேட்பவர் யார்? தேங்கும் மணலை எடுத்து வடக்கே சேர்ப்பது துறைமுகத் திட்டத்தோடு சேர்ந்தே பேசப்பட்ட ஏற்பாடு. அது தொடர்ந்து நடைபெறவில்லை. துறைமுகம் ஓர் அரசின் கீழ், குப்பம் மற்றோர் அரசின் கீழ். கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்ட வசதியாக இருக்கிறது.

ஆகவே நண்பர்களே, மனுவை இன்னொரு முறை எழுதுங்கள். பொம்மையார்பாளையத்துக்கும் அதற்கு வடக்கே உள்ள குப்பங்களுக்கும் எடுத்துச் சென்று, உங்கள் கல் அவர்களை என்ன செய்யும் என்பதை மறைக்காமல் சொல்லி, அவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். மறுப்பவர் இருப்பர், மறுப்பு நியாயமானதாகவும் இருக்கலாம், கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெண்களின் கையெழுத்துக்குத் தனித்தாள் வேண்டாம், அதே தாளில் வாங்குங்கள். கல்லை மட்டும் கேட்காமல் மணலைக் கேளுங்கள். மனுவின் முதல் வரியில் "இயற்கைச் சீற்றத்தால்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு, அலைதடுப்புச் சுவர் என்று எழுதுங்கள். அது எழுந்த ஆண்டுகளையும் பக்கத்தில் எழுதுங்கள்.